ஊர்த் தெருவுக்கு அசோசியேஷன் அபராதமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியிருப்புகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கெல்லாம் தெருவில் ஒரு கார்கூட நிற்பதில்லை, எல்லாம் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் கண்டிப்புதான், நம் ஊர்க் குடியிருப்போர் சங்கங்களுக்கும் தெருவில் நிற்கும் வண்டிக்கு அபராதம் போடும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். தெரு காலியாக இருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. நான் அரிசோனாவில், பீனிக்ஸை ஒட்டிய புறநகர் ஒன்றில், அவர் வர்ணித்த மாதிரியான குடியிருப்பில்தான் பல வருடங்களாக இருக்கிறேன். ஆனால் அந்தத் தெரு எப்படிக் காலியாகிறது, யார் எந்த உரிமையில் யாரிடம் காசு வாங்குகிறார்கள் என்பதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எச்.ஓ.ஏ. என்று சொல்லும் இந்தச் சங்கங்களும் அடுக்குமாடிச் சங்கங்களும் சேர்ந்து நாடு முழுக்க மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன, ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் அவற்றுக்குள் குடியிருக்கிறார்கள். மனை போட்டு வீடு கட்டி விற்கும் கம்பெனியே முதலில் சங்கத்தை உருவாக்கி, சி.சி. அண்ட் ஆர். என்ற விதித் தொகுப்பை எழுதி, கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) பதிவு அலுவலகத்தில் பதிந்துவிடும். அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. வீடு எத்தனை கை மாறினாலும் வாங்குகிறவர் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும், படித்தாரா படிக்கவில்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். புல் வளர்ந்தால் கடிதம், பெயின்ட் உதிர்ந்தால் கடிதம், குப்பைத் தொட்டி வெளியிலேயே கிடந்தால் கடிதம். இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் மனை, என் சுவர், நான் ஒத்துக்கொண்டு வாங்கினேன், சரி.

தெரு அப்படியல்ல. இந்த விஷயத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தெரு யாருடையது என்பதுதான். வாசலில் கேட் போட்டு, நம்பர் அழுத்தினால் திறக்கும் குடியிருப்புகளில் உள்ளே இருக்கும் தெருக்கள் பெரும்பாலும் சங்கத்துக்கே சொந்தம். தார் போடுவதும் குழி அடைப்பதும் சங்கத்தின் செலவு. அங்கே அவர்கள் வைத்ததுதான் சட்டம், வண்டியை இழுத்துக்கொண்டு போகக்கூட முடியும், அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. கேட் இல்லாத குடியிருப்புகள் வேறு. நம் ஊரில் லேஅவுட் போடுகிறவர் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறார் அல்லவா, ஏறக்குறைய அதேபோல இங்கும் லேஅவுட் வரைபடத்தைப் பதியும்போதே இந்தத் தெருக்கள் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று நகரத்துக்கு அர்ப்பணித்துவிடுகிறார்கள். எங்கள் குடியிருப்பு இந்த இரண்டாவது ரகம். பூங்கா, நடைபாதையை ஒட்டிய புல்வெளி, தபால் பெட்டிகள் நிற்கும் துண்டு நிலம் எல்லாம் வரைபடத்தில் ‘டிராக்ட் ஏ’, ‘டிராக்ட் பி’ என்று சங்கத்தின் பெயரில் இருக்கின்றன. தெரு மட்டும் நகரத்தின் பெயரில்.

போன நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைத்திருந்தோம். சாயங்காலம் சுண்டல் வாங்க வந்தவர்கள் நாலைந்து கார்களில் வந்தார்கள், டிரைவ்வேயில் இரண்டு நிற்கும், மற்றவை தெரு ஓரத்தில் நின்றன, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வாரம் சங்கத்தின் மேனேஜ்மென்ட் கம்பெனியிடமிருந்து கலர் படத்தோடு கடிதம். தெருவில் வாகனம் நிறுத்தியது விதிமீறல், மறுபடி நடந்தால் அபராதம். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் நண்பரின் காருக்குப் பின்னால் தெருவிளக்குக் கம்பம் தெரிகிறது, அதில் நகர நிர்வாகம் ஒட்டிய எண் தகடு தெளிவாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் நகர நிர்வாகத்தின் தீயணைப்புக் குழாய், கார் அதிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் நிற்கிறது. கீழே நகரம் போட்ட தார், அதைப் பெருக்க வருவதும் நகரத்தின் வண்டிதான். படத்தில் சங்கத்துக்குச் சொந்தமானது என்று ஒரு அங்குலம்கூட இல்லை!

தார் போட்ட காசில் என் பங்கும் இருக்கிறது. இங்கே பெட்ரோல் போடும்போது ஒரு கேலனுக்கு 18 சென்ட் மாநில வரி, 1991இலிருந்து அதே 18 சென்ட்தான், அதில் ஒரு பகுதி சாலைகளுக்கென்று நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சங்கத்துக்கு நான் கட்டும் சந்தாப் பணத்தில் அந்தத் தெருவுக்கு ஒரு சல்லிக்காசு போகவில்லை. செலவு செய்கிறவன் ஒருவன், அபராதம் வசூலிக்கிறவன் இன்னொருவன்.

சங்கத்து வக்கீல்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் தெருவைக் கட்டுப்படுத்தவில்லை, எங்கள் உறுப்பினரின் நடத்தையைத்தான் கட்டுப்படுத்துகிறோம், பொதுத் தெருவில் நிறுத்த மாட்டேன் என்று அவரே ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். இரண்டு மைல் தள்ளியிருந்து யாரோ ஒருவர் வந்து என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பூங்காவில் ஓடப் போகலாம், அவரைச் சங்கம் ஒன்றும் செய்ய முடியாது, அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வரி கட்டி அங்கேயே குடியிருக்கும் நான் நிறுத்தினால் தப்பு. ஊரார் எல்லோருக்கும் பொதுவான தெருவில் அங்கே குடியிருப்பவனுக்கு மட்டும் இடமில்லை என்பது என்ன கணக்கு? (மறுபக்கமும் உண்டு. ‘என் வீட்டு முன்னால் இருக்கும் இடம் என்னுடையது’ என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களிடம் முறைக்கும் ஆட்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அதுவும் தவறுதான். வாசலுக்கு நேரே இருக்கும் தெரு ஓரம் யாருடைய பட்டாவிலும் இல்லை.)

இந்தக் கோளாறு அரிசோனாச் சட்டசபைக்கும் தெரிந்திருக்கிறது. 2014 டிசம்பர் 31க்குப் பிறகு விதித் தொகுப்பைப் பதிந்த குடியிருப்புகளில், கட்டிய கம்பெனியின் பிடி முடிந்ததும், அரசுக்கோ நகரத்துக்கோ சொந்தமான தெருவின் மேல் சங்கத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று சட்டமே இருக்கிறது. சட்டப் பிரிவு 33-1818, விருப்பம் இருப்பவர்கள் தேடிப் படிக்கலாம், ரொம்பச் சின்னப் பிரிவு. பழைய குடியிருப்புகளை அது தொடவில்லை. 2023இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: பழைய சங்கங்கள் 2025 ஜூன் 30க்குள் உறுப்பினர் கூட்டம் கூட்டி, பொதுத் தெருவைத் தொடர்ந்து கட்டுப்படுத்தலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வேண்டும் என்று முடிவானால் அதிகாரம் தொடரும். வாக்கெடுப்பில் தோற்றாலோ வாக்கெடுப்பே நடத்தாமல் விட்டாலோ அதிகாரம் போய்விடும்.

எங்கள் குடியிருப்பு 2015க்கு முன்னால் வந்தது. வாக்கெடுப்பு நடந்தது. அது நடந்த விதம் இருக்கிறதே, அதை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். வாக்குச் சீட்டோடு போர்டு, அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழு, அனுப்பிய விளக்கத் தாளில், இந்த அதிகாரம் போனால் தெருவில் கேரவன்களும் படகு டிரெய்லர்களும் உடைந்த லாரிகளும் வரிசை கட்டி நிற்கும், வீட்டு விலை சரியும் என்று ஒரு பக்கம் முழுக்கப் பயமுறுத்தியிருந்தார்கள். கேரவனையும் கைவிடப்பட்ட வண்டியையும் தெருவில் போடக் கூடாது என்று நகரத்துக்கே விதி இருக்கிறது என்பதை எங்கேயும் சொல்லவில்லை. பாதிப் பேர் கவரைப் பிரிக்கவே இல்லை. வாடகைக்கு விட்டுவிட்டு வேறு மாநிலத்தில் இருக்கும் உரிமையாளர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, தெருவில் நிறுத்த முடியாமல் திண்டாடப் போவது குடித்தனக்காரர், ஆனால் குடித்தனக்காரருக்கு வாக்கு இல்லை. கடைசியில் அதிகாரம் தொடர்கிறது என்று முடிவானது. எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், 2015க்குப் பிறகு வந்த குடியிருப்பில், அதே நகரம் போட்ட அதே தாரில் ஜனங்கள் நிம்மதியாக நிறுத்துகிறார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால் படம் எடுக்கிறார்கள். அங்கே தெரு நாசமாகிவிட்டதா என்றால் இல்லை, சாயங்காலம் நடக்கப் போகும்போது நானே பார்க்கிறேன், ஒரு வீட்டுக்கு ஒரு கார் நிற்கும், அவ்வளவுதான்.

மற்ற மாநிலங்களும் சும்மா இல்லை. கொலராடோவில் பொதுச் சாலையின் பயன்பாட்டைச் சங்கங்கள் கட்டுப்படுத்தக் கூடாது என்று 2022இலேயே சட்டம் போட்டார்கள். புளோரிடாவில் 2024 ஜூலையிலிருந்து, நகர, கவுன்டி, மாநில விதிகளின்படி நிறுத்த உரிமையுள்ள இடத்தில் சொந்த வண்டியை நிறுத்துவதைச் சங்கம் தடுக்க முடியாது. பிக்அப் டிரக்கும் இதில் அடக்கம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள், அதை எழுத வேண்டிய நிலைமை வந்திருக்கிறது என்றால் பிக்அப் வைத்திருப்பவர்கள் எவ்வளவு பட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நெவாடாவில் கேட் இல்லாத குடியிருப்புகளில் பொதுத் தெரு சங்கத்தின் கைக்கு அப்பால்தான், கேரவன், படகு, டிரெய்லர், வணிக வாகனங்களுக்கு மட்டும் விதி வைக்கலாம் என்று விலக்கு. எனக்கு இந்த நெவாடா ஏற்பாடு பரவாயில்லை என்று படுகிறது. உண்மையிலேயே தொந்தரவான வண்டி எதுவோ அதை மட்டும் பிடித்திருக்கிறார்கள்.

தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்று கேட்பார்கள், கட்டுரையாளரும் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இங்கே பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித் தொகுப்பு, தீயணைப்பு வண்டி போகும் வழியில் 20 அடி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. தெரு 36 அடி அகலம் இருந்தால் இரண்டு பக்கமும் எட்டெட்டு அடியைக் கார்களுக்கு விட்டாலும் நடுவில் 20 அடி கிடைக்கும். 28 அடிதான் என்றால் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தலாம். அதைவிடக் குறுகலென்றால் இரண்டு பக்கமும் தடை போட்டு, ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட வேண்டியதுதான். ஆனால் இதைச் செய்ய வேண்டியவர் தீயணைப்பு அதிகாரியும் நகரப் போக்குவரத்து எஞ்சினியரும். அளவெடுத்து, பலகை நட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி. தீயணைப்புக் குழாய்க்கு 15 அடிக்குள்ளும் ஸ்டாப் பலகைக்கு முன்னால் 30 அடிக்குள்ளும் நிறுத்தக் கூடாது என்பது மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது. தீ பிடித்தால் ஆபத்து என்று நிஜமாகவே கவலைப்படுகிறவர், சங்க உறுப்பினரின் காரை மட்டும் அப்புறப்படுத்திவிட்டு வெளியூர்க்காரரின் காரை விட்டுவைப்பாரா?

வெளியாட்கள் வந்து தெருவை அடைத்துக்கொள்வதற்கும் வழி இருக்கிறது. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் கவுன்டியில், பக்கத்தில் வேலைக்கு வருகிறவர்கள் குடியிருப்புத் தெருக்களில் காரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கவுன்டி நிர்வாகம், வேலை நாட்களில் பகல் நேரத்தில் அங்கே வசிப்பவர்களும் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் மட்டும் பெர்மிட் வைத்து நிறுத்தலாம் என்று விதி போட்டது. அது செல்லாது என்று வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதை, செல்லும் என்று 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருப்பிப் போட்டது. ஆக, தெருவில் நிறுத்துவதற்கு ஒழுங்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒழுங்கை வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த நிர்வாகம் கொண்டுவரட்டும். அங்கே பொதுக் கூட்டத்தில் போய்க் கேள்வி கேட்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றலாம், குடித்தனக்காரர்கூடப் பேசலாம். கவனித்துப் பாருங்கள், ஆர்லிங்டனில் வசிப்பவருக்கு முன்னுரிமை. எங்கள் சங்கத்தில் வசிப்பவருக்குத்தான் தடை, தலைகீழ்.

தடையால் யார் அவதிப்படுகிறார்கள் என்று பார்த்தால், மூன்று கார் கராஜ் வைத்திருப்பவர் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் நர்ஸ், கம்பெனி வேனை வீட்டுக்கு எடுத்து வரும் ஏ.சி. மெக்கானிக் (இங்கே கோடையில் 45 டிகிரியைத் தாண்டும், ராத்திரி பதினோரு மணிக்கும் அவருக்கு அழைப்பு வரும்), பதினாறு வயதில் லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்த குடும்பம், இவர்கள்தான். மின்சாரம், கேஸ் கம்பெனிகளின் அவசர வேலைக்காரர்களுடைய வண்டிகளைத் தடுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் இருப்பதால் அவர்கள் தப்பித்தார்கள். ஏ.சி. மெக்கானிக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கராஜைக் காலி செய்து உள்ளே நிறுத்த வேண்டியதுதானே என்று போர்டில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், நம்மவர்கள் கராஜில் அரிசி மூட்டை, கொலுப்படி, டிரெட்மில், ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகள் என்று சகலமும் இருக்கும், காருக்கு மட்டும் இடம் இருக்காது. ஆனால் கராஜுக்குள் என்ன வைப்பது என்பது வேறு விவகாரம், அதற்கும் தெருவுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

கடிதம் வந்தால் பெரும்பாலானவர்கள் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், அதிலும் நம்மவர்கள் வம்பு எதற்கு என்று முதலில் கட்டிவிடுவார்கள். அரிசோனாவில் அப்படிக் கட்ட வேண்டியதில்லை. முன்னறிவிப்பும் நம் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுக்காமல் சங்கம் அபராதம் போட முடியாது. கடிதத் தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் சர்ட்டிஃபைடு தபாலில் பதில் அனுப்பினால், பத்து வேலை நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும்: எந்த விதியை மீறினோம், எந்தத் தேதியில், அதைப் பார்த்தவரின் முழுப் பெயர் என்ன, எதிர்த்து முறையிட என்ன வழி. பார்த்தவரின் பெயரைக் கேட்டதுமே சில கடிதங்கள் அப்படியே அடங்கிவிடும், எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. அதற்கு மேலும் போக வேண்டுமென்றால் மாநில ரியல் எஸ்டேட் துறையில் மனு போட்டு நிர்வாக நீதிபதி முன் வாதாடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் ஒரு புகாருக்கு 500 டாலர் கட்டணம். ஐம்பது டாலர் அபராதத்துக்கு 500 டாலர் செலவு செய்து நீதி கேட்க யார் போவார்கள்? இந்தக் கணக்கு சங்கங்களுக்கும் நன்றாகவே தெரியும்.

கட்டுரையாளரின் யோசனைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தெரு நெரிசல் எனக்கும் தெரியும், ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், வீட்டு முன் கல்லும் பூந்தொட்டியும் போட்டுத் தெருவை வளைப்பதையும் பார்க்கிறேன். அதற்கு மாநகராட்சியையும் போக்குவரத்துப் போலீசையும் கேளுங்கள், வேலை நடக்கிற வரைக்கும் விடாமல் கேளுங்கள். அதை விட்டுவிட்டு, தானப் பத்திரத்தில் ஊருக்கு எழுதிக் கொடுத்த தெருவில் ரசீது புத்தகத்தோடு சங்கச் செயலாளரை நிறுத்தினால், அவர் எழுதும் ரசீதுக்கு அப்பீல் எங்கே போவது, அவர் தம்பி வண்டிக்கு யார் ரசீது எழுதுவது என்பதையும் கட்டுரையாளர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் வாசகர்களில் பிள்ளைகளை இங்கே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பிள்ளை வீடு வாங்கப் போகிறான் என்றால் சமையலறை மேடையின் கிரானைட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் குடியிருப்பின் லேஅவுட் வரைபடத்தையும் விதித் தொகுப்பையும் கையெழுத்துக்கு முன்னால் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் மாரிக்கோப்பா கவுன்டியில் பதிவு அலுவலகத்தின் இணையதளத்திலேயே இரண்டையும் தேடிப் பார்த்துவிடலாம். தெரு யார் பெயரில் இருக்கிறது, விதியில் பார்க்கிங் பற்றி என்ன இருக்கிறது, அரிசோனாவாக இருந்தால் பதிவுத் தேதி 2015க்கு முன்னா பின்னா, முன் என்றால் வாக்கெடுப்பில் என்ன முடிவானது, இவ்வளவையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

எங்கள் குடியிருப்பில் விதியைத் திருத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும், கவரையே பிரிக்காத கூட்டத்தை வைத்துக்கொண்டு அது லேசில் நடக்காது. அதனால் வரும் போர்டு தேர்தலில் இரண்டு பேர் நிற்கிறோம், எனக்குப் பக்கத்து வீட்டு ஏ.சி. மெக்கானிக் துணை. விதியை எடுக்க முடியாவிட்டாலும், படம் எடுத்துக்கொண்டு சுற்றும் கம்பெனியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, சாயங்காலம் வந்துவிட்டு ராத்திரி கிளம்பிப் போகும் விருந்தாளி காருக்குக் கடிதம் அனுப்பக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க போர்டுக்கு அதிகாரம் இருக்கிறது. முதல் வேலை அதுதான்.

இப்படிக்கு,
அரிசோனா வாசகர்